சனிக்கிழமைச் செக்கும் ஒரு துண்டு ஈரத்தாளும்

கொங்கணக் கடற்கரையில், அலிபாக் வட்டாரத்து ஊர்களில், செக்காட்டிப் பிழைத்த ஒரு கூட்டத்தாரை மராத்தியர் 'சனிவார் தேலி' என்று அழைத்தார்கள். சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று பொருள். அன்றைக்கு எண்ணெய் ஆட்டுபவர் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது, அன்றைக்கு ஆட்டாதவர் என்பதே சேதி. ஊரில் மற்றச் செக்குகளெல்லாம் கிறீச்சிட்டுச் சுற்றும்போது இவர்கள் வீட்டு மாடு தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். பெனே இஸ்ரேல் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட அவர்களிடம் அப்போது எபிரேய நூல்கள் இல்லை, தல்மூத் என்ற சட்டக் களஞ்சியம் இல்லை, சட்டம் சொல்ல ரபி இல்லை. விருத்தசேதனம், செதிளும் செட்டையும் உள்ள மீனை மட்டும் உண்பது, 'ஷேமா' என்று தொடங்கும் ஒரு வேண்டுதல், சனிக்கிழமை ஓய்வு என்று சில வழக்கங்களே மிஞ்சியிருந்தன. அந்த ஓய்வு வெளியார் கண்ணில் பட்டது செக்கு நின்றதால்தான். அதாவது, பிழிதல் நின்றதால்.

இன்றைக்குப் பெங்களூரில் அதே பிழிதல் வேறொரு வேடத்தில் வந்து நிற்கிறது. சனிக்கிழமை காலை, ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் ஒரு யூதக் குடும்பத்தில் கைக்குழந்தை துணியை நனைத்து அசிங்கம் பண்ணிவிடுகிறது. கைக்கெட்டும் இடத்தில் மருந்துக்கடையில் வாங்கிய வெட் வைப்ஸ் பொட்டலம். அதிலிருந்து ஓர் ஈரத்தாளை உருவிக் குழந்தையைத் துடைக்கலாமா? துடைக்கும்போது தாளிலுள்ள நீர் வெளியே வருமே, அது பிழிவது ஆகாதா? கேட்பவர்களுக்கு இது சில்லறைக் கேள்வியாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. 1800 ஆண்டுகளாக ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு யோசித்து வந்திருக்கும் ஒரு சட்டமரபு இந்தத் துண்டுத் தாளில் வந்து முட்டுகிறது. இழை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பெங்களூர் யூதர்களைப் பற்றி முதலில் சுருக்கமாக. கண்டோன்மென்ட் படைகளில் வேலை பார்த்த பெனே இஸ்ரேல் சுபேதார்கள் ஒரு பக்கம். பாக்தாதிலிருந்து புறப்பட்டு வந்து கமர்ஷியல் தெருவில் செருப்புக்கடை வைத்த ரூபன் மோசஸ் போன்ற வணிகர்கள் இன்னொரு பக்கம். ஊருக்கென்று ஒரு சினகாக் எழும்பவில்லை, வீடுகளில் கூடித் தொழுதார்கள். மைசூர் சாலைப் பக்கம் 1904இல் ஏற்பட்ட யூதக் கல்லறைத் தோட்டம்தான் அவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு நிலைத்த சாட்சி. பழைய குடும்பங்களில் பெரும்பாலானவை இஸ்ரேலுக்கும் மும்பைக்கும் போய்விட்டன. இப்போது கம்ப்யூட்டர் வேலையாக வரும் இஸ்ரேலியர், தென்னிந்தியாவுக்கான இஸ்ரேல் துணைத் தூதரகம், ஹபாத் என்ற யூத இயக்கத்தார் நடத்தும் இல்லம் என்று இன்னொரு தலைமுறை. கொங்கணத்துச் செக்குக்காரர்களிடம் நூல் இல்லாமல் வழக்கம் இருந்தது. இன்றைய பெற்றோர் கையில் நூலெல்லாம் போனிலேயே இருக்கிறது. ஆனால் நூல் பேசாத பண்டமும் கையில் இருக்கிறது.

ஓய்வுநாளில் எது வேலை? மோசேயின் நூல்கள் விரித்துச் சொல்லவில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூல், நாற்பதுக்கு ஒன்று குறைய என்று 39 வேலைகளை வரிசைப்படுத்துகிறது. பாலைவனத்தில் திருக்கூடாரம் அமைக்கத் தேவைப்பட்ட தொழில்களே இவை என்பது மரபு. உழுதல், விதைத்தல், அறுத்தல், போரடித்தல், புடைத்தல், அரைத்தல், வெளுத்தல், நெய்தல் என்று போகும் பட்டியல். இவற்றைத் தந்தை வேலைகள் என்பார்கள். குணத்தால் இவற்றை ஒத்தவை பிள்ளை வேலைகள். பிழிதல் பட்டியலிலேயே இல்லை. ஆனால் அதற்கு ஒன்றல்ல, இரண்டு தந்தைகள்.

முதல் தந்தை போரடித்தல். களத்துமேட்டில் கதிரடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்: வேண்டியது உள்ளே இருக்கிறது, வேண்டாதது சுற்றி மூடியிருக்கிறது, அடித்துப் பிரிக்கிறோம். திராட்சையில் சாறு நெல்மணி, தோலும் சக்கையும் வைக்கோல். மாட்டில் பால் கறப்பதையும் இதே கணக்கில் சேர்த்தார்கள். பனிக்காலத்தில் பெங்களூர்ச் சந்தைகளில் குவியும் அவரைக்காயை உரித்துப் பருப்பெடுப்பதும் இதே குடும்பம்தான்.

ஆனால் எல்லாப் பழமும் ஒன்றல்ல என்றார்கள். வேதச் சட்டத்தின் கடுமை ஆலிவுக்கும் திராட்சைக்கும் மட்டுமே, ஏனென்றால் சாற்றுக்காகவே அவை விளைவிக்கப்படுகின்றன. மாதுளையும் முசுக்கொட்டைப் பழமும் அடுத்த படி. மெனாஷ்யா பென் மெனாகேம் வீட்டார் மாதுளையைப் பிழிந்து குடிப்பது வழக்கமாக இருந்ததால் ரபிகள் அதையும் தடுத்தார்கள் என்று தல்மூத் சொல்கிறது. ஒரு குடும்பத்தின் குடிப்பழக்கம் சட்டத்துக்குச் சான்றாகிவிட்டது. யாரும் சாறெடுத்துக் குடிக்காத மற்றப் பழங்களைப் பிழியத் தடையில்லை.

இந்த அளவுகோலைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். சிக்கபள்ளாபுரத்திலும் பெங்களூர் கிராமாந்தரத்திலும் விளையும் 'பெங்களூர் நீலம்' திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. தடித்த கருந்தோல், வழுக்கும் சதை. ஜூஸுக்கும் ஒயினுக்கும் என்றே போவது. சட்டத்தின் உச்சக் கடுமை இதன்மேல் அப்படியே விழும். இதை விரல்களால் அழுத்திச் சாற்றை டம்ளரில் இறக்குவது முழுக் குற்றம். வாயில் போட்டுக் கடித்து விழுங்குவது வெறும் உண்ணல். தோலைக் கையில் பிடித்துக்கொண்டு சாற்றை மட்டும் உறிஞ்சினால்? இங்கே பழைய ஆசிரியர்களே இரண்டு கட்சி. முசுக்கொட்டையோ, பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன ராமநகரத்தைச் சுற்றி இலைக்காக வளர்க்கும் செடி. ஆனாலும் அதன் பழத்தின் பெயர் பழைய பட்டியலில் ஏறிவிட்டது, இறங்காது.

எலுமிச்சையின் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. யோசேப் காரோ தொகுத்து 1565இல் வெனிஸில் அச்சான 'ஷுல்ஹான் ஆரூக்' என்ற சட்டத்தொகுப்பு எலுமிச்சை பிழிய இடம் கொடுக்கிறது. எகிப்தில் ஓய்வுநாளில் சர்க்கரைத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடிக்கும் வழக்கத்தைப் பற்றி அவர் முன்னமே எழுதியிருக்கிறார். காலம் மாறி எலுமிச்சைப் பானம் எங்கும் பரவியதும் பின்வந்தவர்கள் தயங்கினார்கள். ராதின் ஊரில் இருந்த இஸ்ரேல் மெயிர் ககான் எழுதிய 'மிஷ்னா பெரூரா' ஒரு வழியைப் பரிந்துரைக்கிறது: முதலில் சர்க்கரையின்மேல் பிழி, பிறகு தண்ணீர் ஊற்று. பானம் உணவுக்குள் நேராக விழுந்தால் அது உணவே என்ற பழைய விதிதான் இதற்கு அடி.

அந்த விதியை ஒரு கோசம்பரிக் கிண்ணத்தில் கண்ணால் பார்க்கலாம். ஊறிய பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய வெள்ளரி, தேங்காய்த் துருவல், மேலே எலுமிச்சை. துருவுவதும் பொடிப்பொடியாக நறுக்குவதும் அரைத்தலின் பிள்ளைகள், ஆகவே அவை வெள்ளி மாலைக்குள் முடிய வேண்டும். எலுமிச்சையைச் சனி மதியம், சாப்பிட உட்காரும்போது, கோசம்பரியின்மேல் நேராகப் பிழியலாம். சாறு பருப்பில் ஊறி உணவாகிவிட்டது. பானமாக எங்கேயும் தேங்கவில்லை. ஊறுகாயையோ வேகவைத்த காயையோ, அதில் நீர் அதிகம் என்று அழுத்தி வடித்துவிட்டுச் சாப்பிடலாம். அந்த நீர் வேண்டும் என்று கிண்ணத்தில் பிடித்தால் கதை மாறிவிடும். கை செய்வது ஒரே செயல், எது வேண்டியிருக்கிறது என்பதுதான் தீர்ப்பு. பெனே இஸ்ரேல் சமையலில் இறைச்சிக் குழம்புக்குப் பசும்பால் ஆகாது, தேங்காய்ப்பால்தான். அந்தத் தேங்காயைப் பிழிவது ஓய்வுநாளுக்கு முன்பே.

இனி இரண்டாவது தந்தை. 'பிழி' என்ற நம் சொல் பழத்துக்கும் ஆகும், துவைத்த துணிக்கும் ஆகும். எபிரேயத்தில் 'செஹிதா' என்ற சொல்லும் அப்படியே இரண்டுக்கும் பொது. ஆனால் துணியைப் பிழிவது போரடித்தல் கணக்கில் வருவதில்லை. அது வெளுத்தலின் பிள்ளை. துணியில் ஊறிய தண்ணீரை முறுக்கி வெளியேற்றும்போது அழுக்கும் அதோடு போகிறது, அது சலவையின் கடைசிப் படி. 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆசிரியர் ரபேனு தாம் இங்கே ஒரு கோடு கிழித்தார். துணியை வெளுப்பது தண்ணீர். ஒயினும் எண்ணெயும் வெளுப்பதில்லை. ஆகவே ஒயின் நனைந்த துணியைப் பிழிவது சலவை ஆகாது. அந்த ஒயின் வேண்டும் என்று பிழிந்தால் போரடித்தல் வழியாகத்தான் குற்றமாகும்.

ஈரத்தாள் கேள்வியின் கரு மிஷ்னாவிலேயே இருக்கிறது. தோல் கைப்பிடி வைத்த கடற்பஞ்சால் துடைக்கலாம், கைப்பிடி இல்லாவிட்டால் கூடாது என்கிறது அது. இந்தக் கைப்பிடியைப் பற்றி நூற்றாண்டுகளாகப் பேசியிருக்கிறார்கள். கைப்பிடி இல்லாமல் பஞ்சை இறுக்கிப் பிடித்தால் விரல்களுக்கிடையில் நீர் பிதுங்கும், அதுதான் தடை என்பது ராஷி என்ற பழைய உரையாசிரியரின் விளக்கம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேசையில் அழுத்தினாலும் நீர் வருமே? ராவாத் என்ற புரோவென்ஸ் அறிஞர் சொன்ன பதில் கூர்மையானது: கைப்பிடி வைத்த பஞ்சு, நீர் நிரம்பிய குடத்துக்குச் சமம். குடத்தைச் சாய்த்து ஊற்றினால் பிழிந்தாய் என்று யாராவது சொல்வார்களா? அந்தக் கூற்றை ஏற்காமல், கைப்பிடி இருந்தால் பிழிபடுவது நிச்சயமில்லை, அதனாலேயே அனுமதி என்று விளக்கியவர்களும் உண்டு. ஒரு சாமான் நீரை உறிஞ்சி வைத்திருக்கிறதா, அல்லது கொள்கலம்போல் ஏந்தி நிற்கிறதா என்ற வேறுபாட்டை முதலில் தொட்டவர் ராவாத்தான் என்பது என் எண்ணம். ஈரத்தாள் விவாதம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

முடிக்கு வேறொரு கணக்கு. முடியில் பிழிதல் இல்லை என்று தல்மூத் சொல்கிறது, ஏனென்றால் முடி கடினமானது, நீரை உள்ளே இழுப்பதில்லை. ஆனாலும் ரபிகளின் கட்டளையாக முடியையும் பிழியாமல் இருப்பதே நடைமுறை. நைலான் இழைத் துலக்கி, பிளாஸ்டிக் தேய்ப்பான் எல்லாம் இன்று இந்த முடிக் கணக்கில்தான் பார்க்கப்படுகின்றன.

இப்போது அந்த ஈரத்தாளை எடுத்துக் கண்ணுக்கருகே பிடிப்போம். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ஆர்தர் ஜூலியஸ் கண்டுபிடித்து, உணவகங்களில் கை துடைக்கப் பரவி, பிறகு குழந்தைகளிடம் வந்த பண்டம் இது. இது நெய்த துணியில்லை; இழைகளை நீர்த்தாரையால் அடித்துப் பிணைத்த பரப்பு. பல வகைகளில் விஸ்கோஸும் பாலியெஸ்டரும் கலந்திருக்கும். மரக்கூழிலிருந்து வரும் விஸ்கோஸ் நீரை இழைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் ஏறக்குறைய இழுப்பதே இல்லை, நீர் இழைகளுக்கு இடையில்தான் தங்கும். பொட்டலத்தின் மேல்தாளை உருவி இரண்டு விரலால் தொங்கவிட்டால் சொட்டாது, புறங்கையில் சும்மா வைத்தெடுத்தால் தோல் பளபளக்கும். அதே தாளை உள்ளங்கையில் மடக்கி இறுக்கினால் விரலிடுக்கில் துளி திரளும். பொட்டலத்தின் அடித்தாள் இன்னும் நனைந்திருக்கும், ஏனென்றால் நீர் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது. விவாதத்துக்கு வேண்டியது எல்லாம் இந்தச் சோதனையிலேயே இருக்கிறது.

கடுமைக் கட்சியின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைக்கிறேன். ஈரத்தாளை எதற்காக எடுக்கிறோம்? ஈரத்துக்காகத்தான். உலர்ந்த தாள் போதுமென்றால் அதையே எடுத்திருக்கலாம். நனைந்த துணியைத் தெரியாமல் மிதித்துவிட்டவனுக்கு நீர் வெளிவருவதில் விருப்பமில்லை, அவனுக்குச் சலுகை காட்டலாம். இங்கே நீர் வெளிவருவதே நோக்கம். நான் நினைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. பிள்ளை விளையாடக் கோழியின் தலை வேண்டும் என்று வெட்டிவிட்டு, கொல்ல நினைக்கவில்லை என்று சொல்பவனுக்குத் தல்மூத் இடம் கொடுப்பதில்லை. தவிர்க்கவே முடியாத விளைவு நினைத்துச் செய்ததற்குச் சமம். துடைக்கும்போது அழுத்தம் கொஞ்சமாவது விழும், விழுந்தால் நீர் வரும். ஆகவே போரடித்தல் வழியாகப் பிழிதல், குறைந்தது ரபிகளின் தடை.

இலகுக் கட்சி இதைப் பல பக்கத்திலிருந்து தளர்த்துகிறது. தூக்கியெறியும் தாளை யாரும் துவைப்பதில்லை, ஆகவே வெளுத்தல் என்ற தந்தை விலகிவிட்டார். மிஞ்சியது போரடித்தல். அதிலும் பிழிந்த நீர் எங்கும் சேர்த்து வைக்கப்படவில்லை, தோலில் பட்டு அங்கேயே போய்விடுகிறது. நெல்லடிப்பவன் மணியைக் குதிரில் சேர்க்கிறான். இங்கே குதிர் எது? இழை செயற்கையாக இருந்தால் முடிபோல் உள்ளிழுக்காத பொருளாகவும் வாதிடலாம். எல்லாவற்றிலும் வலுவான வாதம் கடைசியாக வருகிறது: துடைக்க உதவுவது ஏற்கெனவே மேற்பரப்பில் நிற்கும் ஈரம். தொட்டாலே தோல் நனைகிறது என்றால், பிழிய வேண்டிய தேவையே எழவில்லை. உள்ளே தங்கிய நீர் கொஞ்சம் பிதுங்கினாலும் துடைப்பவர் அதைத் தேடவில்லை.

20ஆம் நூற்றாண்டின் பெரிய தீர்ப்பாளர்களே இதில் பிரிந்து நின்றார்கள், இன்றும் ஒரே வீதியில் இரண்டு வீடுகளில் இரண்டு வழக்கம் காணலாம். செயற்கை இழை வாதத்தை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். விஸ்கோஸ் கலந்த தாளுக்கு அது பொருந்தாது. பாலியெஸ்டராகவே இருந்தாலும் இழைகளின் நடுவில் சிறைப்பட்ட நீர் அழுத்தினால் வெளிவரத்தான் செய்கிறது; முடியைக்கூட ரபிகள் தடுத்தது இதனால்தானே. மேற்பரப்பு ஈரம் என்ற வாதம்தான் கண்ணுக்கு மெய்ப்படுகிறது. புறங்கையில் வைத்தெடுத்த தாள் அதைக் காட்டிவிட்டது. அதனால் அனுமதிக்கும் தீர்ப்பே சரியென்று தோன்றுகிறது, ஆனால் அது ஒரு கையின் அளவைச் சொல்லும் தீர்ப்பு: ஒற்றியெடு, தேய்க்காதே, மடக்கிக் கசக்காதே, சொட்டச் சொட்ட நனைந்த அடித்தாளைத் தவிர். பொட்டலத்தின் மூடியை வெள்ளிக்கிழமையே பிரித்து வைத்துவிட்டால் கிழித்தல் பற்றிய தனிக் கேள்வியும் வராது. கெட்டியான கிரீமை ஈரத்தாளோடு சேர்த்துத் தடவிப் பரப்புவது வேறொரு தடைக்குள் போகும், அதையும் ஞாபகம் வைக்க வேண்டும்.

ஜெர்மனியில் பிறந்து எருசலேமில் வாழ்ந்த யெகோசுவா நோய்விர்த், இப்படிப்பட்ட வீட்டுக் கேள்விகளுக்கென்றே 1965இல் ஒரு நூலை வெளியிட்டார். சமையலறை, தொட்டில், மருந்துப்பெட்டி மூன்றும் அதில் சட்டத்தின் மையத்துக்கு வந்துவிட்டன. அந்த வகை நூல்கள் காட்டும் வழி எளியது: வரிசையை மாற்று. நனைந்த பஞ்சால் துடைப்பதற்குப் பதில், நீரை முதலில் தோலில் ஊற்று, பிறகு உலர்ந்த பஞ்சால் ஒற்று. இன்சுலின் ஊசிக்கு முன் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சை அழுத்துவதற்குப் பதில், ஸ்பிரிட்டைத் தோலில் சொட்டிவிட்டுப் பஞ்சை வை. உயிருக்கு ஆபத்து என்றால் இந்தப் பேச்சே கிடையாது, ஓய்வுநாள் விலகி நிற்கும். கைக்குழந்தையின் தேவையை, ஆபத்தில்லாத நோயாளியின் தேவைக்குச் சமமாக வைத்திருக்கிறது சட்டம். ஆகவே யூதரல்லாத ஆயம்மாவிடம் குழந்தையைத் துடைத்துவிடச் சொல்லலாம். தாய்ப்பாலும் இங்கே வருகிறது. பால் கறப்பது போரடித்தல். ஆனால் குழந்தை வாய் வைத்துக் குடிப்பது குடித்தல்தான். பால் கட்டிக்கொண்டு வலி தாங்காத தாய், பாலைச் சேர்க்காமல் வீணாகப் பீச்சிவிடலாம். இங்கேயும் குதிர் இல்லை.

வீடு துடைக்கும் மாப்பைச் சனிக்கிழமை வாளியில் முக்கிப் பிழிவது கூடாது. ரப்பர் பட்டை வைத்த வைப்பரால் தண்ணீரைத் தள்ளலாம். அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது என் மனசில் ஒரு பித்தளைச் சொம்பு நின்றுகொண்டே இருந்தது. நம் வீடுகளில் குழந்தை அசிங்கம் பண்ணினால் துடைப்பதில்லை, கழுவுகிறோம். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, இடது கையால் தண்ணீரை வாரி வாரி விடுவாள். பிறகு பழைய வேட்டித் துண்டால் ஒற்றுவாள். நோய்விர்த் வகை நூல்கள் மாற்றிவைக்கச் சொல்லும் வரிசை இங்கே முதலிலிருந்தே இருக்கிறது. பச்சைத் தண்ணீரைச் சொம்பிலிருந்து ஊற்றுவதில் பிழிதலே இல்லை. ராவாத்தின் குடம்தான் அது. துண்டால் ஒற்றித் துவட்டும்போது அதில் நீர் ஏறுகிறது, இறங்குவதில்லை; ஏறியதைப் பிழியாமல் கொடியில் போட்டுவிட்டால் ஆயிற்று. குளித்துத் துவட்டிய துண்டைக் கையில் எடுத்துப்போனால் மறந்துபோய்ப் பிழிந்துவிடுவார்களோ என்று மிஷ்னா காலத்திலேயே அஞ்சினார்கள், பிறகு தளர்த்தினார்கள். ஈரத்தாள் கேள்வி தண்ணீரில்லாத காரிலும் விமானத்திலும், தாளால் துடைத்தே பழகிய நாடுகளிலும்தான் முற்றியது. பெங்களூர் வீட்டுக் குளியலறைக் குழாயடியில் பிளாஸ்டிக் மக் ஒன்று எப்போதும் இருக்கும். கேள்வியை நூலில் தேடும் இளம் பெற்றோர் அதையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம் என்பது என் விருப்பம்.

பெங்களூரில் சூரியன் ஆண்டின் கடைசி மாதங்களில் ஆறு மணிக்கு முன்பே இறங்கிவிடும். ஜூலையில் ஏழுக்குப் பக்கம் வரை இழுக்கும். அதற்கு 18 நிமிடம் முன்னதாக விளக்கேற்ற வேண்டும் என்பது பரவலான வழக்கம். பெனே இஸ்ரேல் வீடுகளில் அதற்குள் முடிய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஓய்வுநாளை வரவேற்கும் கித்தூஷ் வேண்டுதலுக்கு ஒயினுக்குப் பதில் உலர்திராட்சைச் சர்பத் அவர்கள் வழக்கம். கறுப்புத் திராட்சையை ஊறவைத்து, மசித்து, மெல்லிய துணியில் கொட்டி வடிகட்டுவார்கள். மூட்டையாகக் கட்டி முறுக்கும்போது திராட்சையும் பிழிபடுகிறது, துணியும் பிழிபடுகிறது. இரண்டு தந்தைகளின் வேலையும் ஒரே கையில். சாறு ஏனத்தில் இறங்கியதும் சக்கையை உதறி, துணியை அலசி, நன்றாக ஒரு முறுக்கு முறுக்கிக் கொடியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு விளக்கடிக்கு வருவார்கள்.